முரசைத் தடை செய்த தீவில்: டிரினிடாட் கார்னிவல் நாட்குறிப்பு

வெள்ளி

கார்னிவல் என்றால் இறகு, ஜிகினா, அரைகுறை உடை என்றுதான் நம் செய்திச் சேனல்கள் காட்டும். கரீபியன் தீவான டிரினிடாடில் கார்னிவல் வெள்ளிக்கிழமை விடியுமுன் நடப்பது வேறு. ஒரு போலீஸ் அடிதடியை நடித்துக் காட்டுகிறார்கள்.

தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் கிழக்குப் பக்கம், பிக்கடில்லி தெருவோரத் திடல். இருட்டு விலகவில்லை. தோளில் தூங்கும் பிள்ளையோடு அப்பாக்கள், மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்த பாட்டிமார், சீருடைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். நான் தங்கியிருக்கும் வுட்புரூக் வீட்டுக்கார ஆன்ட்டிதான் எழுப்பி அனுப்பினார். "இதைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் நீ வந்ததே வீண்" என்றார்.

இதற்குப் பெயர் கேன்பூலே. அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால், சவுக்கைச் சுழற்றி ஆட்களை விரட்டி நெருப்பை அணைக்க வைப்பார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்ததும், அதே மக்கள் அந்த விரட்டலையே ஊர்வலமாக்கினார்கள். தீப்பந்தம், முரசு, கையில் கம்பு, முன்னால் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன். 1783இல் ஸ்பானிய அரசு நிலம் தருவதாகச் சொல்லிக் கத்தோலிக்கர்களைக் கூப்பிட்டதால் வந்து குடியேறிய பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள், தவக்காலத்துக்கு முன் முகமூடி விருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மாளிகைக் கொண்டாட்டமும் இந்தத் தெரு ஊர்வலமும் ஒன்றோடொன்று மோதிப் பிறந்ததுதான் இன்றைய கார்னிவல். விடுதலைக்குப் பிறகு தெரு முழுக்கக் கறுப்பின மக்கள் கைக்கு வந்தது. முதலாளிகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

1880இல் கேப்டன் பேக்கர் என்ற போலீஸ் தலைவர் பந்தங்களையும் முரசுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வந்தார். இந்த முறை கம்போடு காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. கடைசியில் ஆளுநர் ஃப்ரீலிங் நேரில் வந்து கூட்டத்திடம் பேசி, போலீஸைப் பாசறைக்குள் அடைத்துவைத்துவிட்டு, பண்டிகையை நடத்திக்கொள்ளச் சொன்னார். ஊர் ஜெயித்த கதை. அதனால்தான் நூற்றைம்பது வருடம் நெருங்கியும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாடகமாகப் பார்த்தால் நீளம் அதிகம், வசனம் பாதி காதில் விழவில்லை. ஆனால் கம்புச் சண்டை தொடங்கியதும் கூட்டம் மொத்தமாக முன்னால் சாய்ந்தது. முரசுக்காரர்கள் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார்கள். ஆடுகிறவனின் கால் அந்தத் தாளத்திலேயே நிற்கிறது, கை மட்டும் எதிராளியின் தலையைத் தேடுகிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1884இல் சட்டம் போட்டது. தீப்பந்தம் கூடாது, முரசு கூடாது, கம்போடு பத்துப் பேரோ அதற்கு மேலோ சேரக் கூடாது. இந்த வாரம் முழுக்க எங்கே போனாலும் இந்த 1884 என்னைத் துரத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

விடிந்ததும் பசி. இந்த ஊரில் காலைச் சாப்பாடு டபுள்ஸ். கையால் தட்டிப் பொரித்த, மஞ்சள் போட்ட மெத்தென்ற பரா இரண்டு. நடுவே குழைய வெந்த கொண்டைக்கடலைக் கறி. அதன்மேல் புளிச் சட்னி, துருவிய மாங்காய்க் குச்சேலா, கொத்தமல்லியின் அண்ணன்போல் வாசமடிக்கும் ஷேடோ பெனி இலை அரைத்த சட்னி. மெழுகுக் காகிதத்தில் வைத்து மூலையைச் சுழற்றி மடித்துத் தருகிறார்கள். ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: மிளகாய் எவ்வளவு? "கொஞ்சமாக" என்று சொல்லுங்கள். தமிழன் என்ற வீறாப்பெல்லாம் இங்கே எடுபடாது. அவர்களுடைய மிளகாய் ஸ்காட்ச் பானட் வகையறா.

சனி

இன்று பனோரமா. எண்ணெய் பீப்பாயில் செய்த 'பான்' வாத்தியங்களை வாசிக்கும் ஸ்டீல்பேண்ட் குழுக்களின் இறுதிப் போட்டி, குயின்ஸ் பார்க் சவானா மைதானத்தில். நாடு சுதந்திரம் பெற்ற மறு வருடமான 1963இல் தொடங்கிய போட்டி இது.

டிக்கெட் வாங்கிக் காலரியில் உட்காருகிறவர்கள் உட்காரட்டும். எனக்குச் சொல்லப்பட்ட ரகசியம் வேறு: மேடைக்குப் போகும் பாதையில் நில். குழுக்கள் தங்கள் முறை வரும்வரை அந்தப் பாதையில்தான் மெல்ல நகர்கின்றன. ஒவ்வொரு பான் வாத்தியத்தையும் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். கூரையும் உண்டு. தள்ளுவது ரசிகர்கள்தான். பெரிய குழுவில் நூற்றுக்கும் மேற்பட்ட வாசிப்பாளர்கள். பத்தடி தள்ளுவார்கள், நிறுத்துவார்கள், ஒரு முறை முழுப் பாட்டையும் வாசித்துப் பார்ப்பார்கள், மறுபடி தள்ளுவார்கள். மேடையில் எட்டு நிமிடம் கேட்க வேண்டியதை இங்கே ஓர் அடி தூரத்தில், காசில்லாமல், தாகத்துக்கு இளநீரோடு கேட்கலாம்.

நேற்று இரவு ஒரு பான்யார்டுக்குப் போயிருந்தேன். பான்யார்டு என்றால் குழுவின் பயிற்சித் திடல்; அந்தப் பேட்டைக்கே அதுதான் சாவடி. அங்கே சுருதி சேர்க்கும் பெரியவர் ஒருவர் டெனர் என்ற உச்சச் சுரப் பான் ஒன்றை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து காலன் எண்ணெய் பீப்பாய்தான் மூலப்பொருள். அதன் அடிப்பாகத்தைச் சம்மட்டியால் கிண்ணம்போல உள்ளே இறக்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் குறித்து, ஆணியும் சுத்தியலுமாக ஓரங்களைக் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். நெருப்பில் வாட்டுகிறார்கள். அதன்பின் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு வட்டத்தையும் கீழிருந்தும் மேலிருந்தும் தட்டித் தட்டி சுரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெரியவர் ஒரு வட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார், ரப்பர் சுற்றிய குச்சியால் தொட்டுப் பார்த்தார், முகம் சுளித்தார், பக்கத்து வட்டத்தைத் தட்டினார். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பது கலைகிறது. வாத்தியம் முழுவதும் ஒரே தகடுதானே. அருகில் இருபது பேர் கத்திப் பேசிக்கொண்டிருந்தும் அவர் காது அந்தத் தகட்டைவிட்டு எழவில்லை.

வாசிப்பவர்களில் பாதிக்கு மேல் சுரக் குறிப்பு படிக்கத் தெரியாதவர்கள். இசையமைப்பாளர் ஒரு துண்டை வாசித்துக் காட்டுகிறார், டெனர்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், பிறகு செல்லோ, கிட்டார், பேஸ் என்ற மற்றப் பான்காரர்கள். பேஸ் வாசிப்பவரைச் சுற்றி முழு முழுப் பீப்பாய்கள் வளைத்து நிற்கின்றன. அவர் நடுவில் நின்று சுழல்கிறார். இடையே 'என்ஜின் ரூம்': பழைய கார்களின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிக்கும் ஆட்கள். அந்த இரும்புச் சத்தம் இல்லாவிட்டால் நூறு பானும் தூங்கிவிடும்.

இது எங்கிருந்து வந்தது? முரசைத் தடை செய்ததும் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 'தம்பூ பேம்பூ' என்று பெயர். பிறகு பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, காரின் உதிரி இரும்பு. 1930களின் கடைசியில் டின்களில் தாளம் மட்டுமல்ல, சுரமும் பிறக்கிறது என்று கண்டுகொண்டார்கள். போர்க்காலத்தில் கார்னிவலுக்கே தடை, 1942 முதல் 1945 வரை. போர் முடிந்ததும் ஸ்ப்ரீ சைமன், எல்லி மானெட் போன்ற சேரிப் பையன்கள் எண்ணெய் பீப்பாயில் முழுப் பாட்டே வாசித்தார்கள். அப்போதும் ஸ்டீல்பேண்ட் பையன் என்றால் ரவுடி என்றுதான் அர்த்தம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பான்யார்டு வாசலே கூடாது. 1951இல் ஒரு குழு லண்டன் போய் வாசித்துத் திரும்பிய பிறகுதான் ஊர்ப் பெரிய மனிதர்களின் காது திறந்தது. இன்று அது தேசிய வாத்தியம். ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினம் என்று ஐ.நா. சபையே 2023இல் அறிவித்துவிட்டது.

ஞாயிறு

இந்த வருடம் கார்னிவல் ஞாயிறும் மகா சிவராத்திரியும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன. தற்செயல் என்று நினைத்தேன். வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. வசந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதிலிருந்து 47 நாள் பின்னால் போனால் கார்னிவல் செவ்வாய். பௌர்ணமியிலிருந்து ஒன்றரைச் சந்திர மாதம் பின்னால் போனால் 44 நாள் சொச்சம், அமாவாசை. ஆகவே கார்னிவல் எந்த வருடமும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். சிவராத்திரியோ அமாவாசைக்கு முந்தைய இரவு. ஒரு மாதம் விலகிப்போகும் வருடங்கள் தவிர, இரண்டும் தோளோடு தோள் உரசியே ஆக வேண்டும்.

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். 1845 மே 30 அன்று 'ஃபாத்தேல் ரசாக்' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917 வரை சுமார் 1,43,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறு பகுதிதான். அவர்களை இங்கே 'மத்ராஸி' என்றார்கள். மொழி போய்விட்டது. மூட்டூ, ராம்சாமி, வீராசாமி என்று குடும்பப் பெயர்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயிலில் இன்னும் கொஞ்சம்.

அந்தக் கோயிலுக்குத்தான் காலையில் போனேன். தலைநகருக்குக் கிழக்கே, வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட காளி கோயில். கூட்டிப் போனவர் டாக்ஸி ஓட்டும் அங்கிள். வாடகைக் காரின் நம்பர் 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த அடையாளத்தைப் பார்த்துக் கை காட்டினால் நிற்பார்கள். அப்படி நின்றவர், பெயரைக் கேட்டதும் "மத்ராஸா? அப்போ உனக்கு ஒரு இடம் காட்டணும், தம்பி" என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் கோயில் என்றால் அனுமனும் ராமாயணமும்தான். காளி கோயிலுக்கு உள்ளே வரமாட்டாராம். "அங்கே சாமி வரும். எனக்கு அது ஒத்துவராது" என்று வாசலிலேயே காரில் உட்கார்ந்துகொண்டார். வட இந்திய மரபுக்காரர்கள் பலருக்கு இந்தக் கோயில்கள்மேல் ஓர் அச்சமும் ஓர் இளக்காரமும் உண்டு. பலியும் சாமியாட்டமும் காரணம். ஆனால் தீராத நோய் என்றால் இங்கேதான் வருகிறார்கள். கறுப்பினத்தவரும் வருகிறார்கள்.

உள்ளே வேப்பிலை, மஞ்சள் நீர், கற்பூரம். நடுவில் காளி, பக்கத்தில் மாரியம்மா, மீசை வைத்த மதுரைவீரன், முனீஸ்வரன். பூசாரியின் பேச்சு முழுக்க டிரினிடாட் ஆங்கிலம். பாட்டில் திடீரென்று "அம்மா தாயே" என்று வந்ததும் நிமிர்ந்தேன். அடுத்த வரி எனக்குப் புரியவில்லை, பாடியவருக்கும் புரிந்திருக்காது. எழுத்து தேய்ந்த கல்வெட்டுபோல ஓசை மட்டும் நிற்கிறது. ஓரத்தில் மூன்று பேர் வட்ட வட்டமான தோல் வாத்தியத்தை மார்போடு அணைத்துக் குச்சியால் அடித்தார்கள். தப்பு. பெயரும் 'தப்பு'தான். நெருப்பில் காய்ச்சிக்கொண்டுதான் எடுத்தார்கள். ஒரு பெண்மீது சாமி வந்தது. வேப்பிலைக் கொத்தை இரு கையிலும் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராகக் குறி சொன்னார், ஆங்கிலத்தில். ஒரு பையன் தேர்வைப் பற்றிக் கேட்டான். "முதலில் படி" என்றது சாமி.

மாலையில் வாட்டர்லூ. பாரியா வளைகுடாவின் கடற்கரை. கடலுக்குள் நீளும் ஒரு நடைபாதை. அதன் முனையில் வெள்ளைக் கோபுரத்தோடு கோயில். ஷிவ்தாஸ் சாது என்ற கூலித் தொழிலாளி, 1947இல் கரையோரத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. இடிக்கச் சொன்னார்கள்; மறுத்தார். 1952இல் இடித்தேவிட்டார்கள். அவருக்கு 14 நாள் சிறை, அபராதம் வேறு. வெளியே வந்தவர், நிலம்தானே உங்களுடையது என்று கடலுக்குள் கட்டத் தொடங்கினார். சைக்கிளில் கல்லும் மண்ணும் ஏற்றி வந்து, நீர் வற்றும் நேரத்தில் காலி எண்ணெய் பீப்பாய்களை நிறுத்தி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, தனியாளாகப் பல வருடம். கடல் அரித்துக்கொண்டே இருந்தது, அவர் கொட்டிக்கொண்டே இருந்தார். அவர் காலத்துக்குப் பின் அரசு எடுத்துக் கட்டியது. இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டான 1995இல் முடிந்தது.

நேற்று இரவு வாசித்த பீப்பாயும் இதே பீப்பாய்தான். எண்ணெய் கிடைத்த தீவு. காலிப் பீப்பாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

இருட்டியதும் வரிசை நீண்டது. பித்தளைச் செம்பில் நீர், பால், வில்வம். லிங்கத்தின்மேல் ஊற்றிவிட்டு நகர்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர் எனக்கு முன்னால் நின்றார்கள். "விடிகாலை ஜூவே ஆட்டத்துக்குப் போகிறாயா?" என்று ஒருத்தி கேட்க, "நாலாம் சாமம் முடியட்டும்" என்றாள் மற்றவள்.

திங்கள்

ஜூவே. விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கும் சேற்று ஆட்டம். கார்னிவலின் அதிகாரப்பூர்வமான ஆரம்பம் இதுதான். வேடிக்கை என்னவென்றால் கார்னிவல் திங்களும் செவ்வாயும் அரசு விடுமுறையே அல்ல. ஆனால் அன்று ஒரு கடையாவது திறந்திருப்பதைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆன்ட்டி எனக்குக் கிழிந்த சட்டை ஒன்றைக் கொடுத்து, உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். இல்லையென்றால் பெயின்ட் ஒரு வாரம் போகாதாம். தெருவில் இறங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், இரண்டு கை நிறையச் சேறு அள்ளி என் கன்னத்தில் அன்போடு தடவினார். அதற்குப்பின் நான் யாரோ. சேற்றுக்காரர்கள், கொக்கோ பூசியவர்கள், எண்ணெய்க் கருப்பு பூசியவர்கள், நீலம் பூசியவர்கள். வெல்லப்பாகு பூசிய பிசாசுதான் இதில் மூத்தது. 'ஜாப் மொலாசி' என்கிறார்கள். கரும்பு ஆலையின் பாகுக் கொப்பரையில் விழுந்து செத்த அடிமையின் ஆவி என்று கதை. தோட்டத்தின் மிகக் கொடூரமான சாவை எடுத்து உடம்பில் பூசிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்காரனைத் துரத்திக் காசு கேட்கிற வேஷம். இதைவிடக் கூர்மையான கேலியை நான் எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை.

லாரிமேல் ஒலிபெருக்கிகள் அடுக்கி சோகா இசை. நெஞ்செலும்பு அதிர்கிறது. சோகாவை உருவாக்கிய லார்ட் ஷார்ட்டி, 1970களில் தீவின் பழைய பாட்டு வகையான கலிப்சோ சோர்ந்துபோகிறது என்று நினைத்து, தான் வளர்ந்த தென்பகுதி கிராமத்து இந்தியர்களின் டோலக், தந்தால் தாளத்தை அதில் சேர்த்தார். தந்தால் என்பது நீண்ட இரும்புக் கம்பி. குதிரை லாடம் போன்ற ஒன்றால் தட்டுவது. லாரிக்கும் அதன் பின்னால் ஆடும் கூட்டத்துக்கும் இது தெரியுமோ தெரியாதோ, இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது.

விடிந்தது. சூரியன் வந்ததும் எல்லோருடைய சேறும் காய்ந்து வெடித்து, ஊரே மண் சிலைகளாக நடந்தது. ஆன்ட்டி வீட்டு வாசலில் தோட்டக் குழாயைப் பிடித்து என்னை மாடு கழுவுவதுபோலக் கழுவினார்கள்.

மதியம் தூங்கி எழுந்து பரமின் மலை. தலைநகருக்கு வடக்கே, செங்குத்தான சாலை; சாதாரணக் கார் ஏறாது, ஜீப்தான். மலைச்சரிவெல்லாம் தைம், வெங்காயத்தாள் பாத்திகள். தீவின் சமையல் வாசனை இங்கேதான் விளைகிறது. வயதானவர்கள் பலர் இன்னும் பட்டுவா என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழி பேசுகிறார்கள். கார்னிவல் திங்கள் மாலை இந்த ஊர்ச் சந்தியில் நீலப் பிசாசுகள் இறங்கும். துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து உடம்பு முழுக்கப் பூச்சு. வாயில் சிவப்புச் சாயம், கீழே வழிய வழிய. பின்னால் பிஸ்கட் டின்னை அடித்துக்கொண்டே வரும் கூட்டாளிகள். மண்ணெண்ணெயை வாயில் வைத்துத் தீயை ஊதுகிறார்கள். ஒரு பிசாசு தகரக் கூரையில் ஏறித் தலைகீழாகத் தொங்கியது. இன்னொன்று நேராக என்னிடம் வந்து விழுந்து புரண்டு, தவழ்ந்து, என் செருப்பைப் பிடித்துக்கொண்டு அழுதது. "பிசாசுக்குக் காசு கொடு!" என்று டின்காரன் கத்தினான். கொடுத்தேன். போதாது என்று உதட்டைப் பிதுக்கியது. இன்னும் கொடுத்தேன். எழுந்து என் வெள்ளைச் சட்டையில் ஒரு முழு அணைப்பு. பரமினுக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போகிறவனுக்கு யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

அந்தப் பிசாசு பகலில் தைம் விற்கிற பையன் என்று ஜீப்காரர் சொன்னார்.

செவ்வாய்

உலகம் டிவியில் பார்க்கும் நாள் இதுதான். சுருக்கமாகவே எழுதுகிறேன்.

ஆயிரக்கணக்கில் ஆட்கள், பகுதி பகுதியாக ஒரே நிற இறகும் மணியும். உடைக்கே பல ஆயிரம் டிரினிடாட் டாலர். அதற்குள் சாப்பாடு, மது, நடமாடும் கழிப்பறை, காவலாளி எல்லாம் அடக்கம். ஒவ்வொரு குழுவைச் சுற்றியும் கயிறு. கயிற்றுக்கு உள்ளே காசு கட்டியவர், வெளியே ஊரார். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆடுகிறவர்களின் முகத்தில் இருக்கும் சந்தோஷம் நடிப்பில்லை. எல்லா வயதும் எல்லா உடம்பும் வெயிலில் கூச்சமில்லாமல் ஆடுவதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் தெருவுக்காக மண்டை உடைத்துக்கொண்ட ஊரில் தெருவின் குறுக்கே கயிறு என்றால் உறுத்தத்தான் செய்கிறது. உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் இந்தச் சண்டை வருடா வருடம் உண்டு.

கயிறில்லாத பழைய வேஷங்கள் சந்துகளில் கிடைத்தன. மரக்கால் கட்டிய மோகோ ஜம்பிகள் இரண்டாம் மாடி பால்கனிக்காரர்களோடு கை குலுக்கிப் போனார்கள். இடுப்பில் கழுதை உருவைக் கட்டிக்கொண்டு ஆடும் பரோகீட், நம் பொய்க்கால் குதிரையின் ஒன்றுவிட்ட தம்பி. குஞ்சம் தொங்கும் அகலத் தொப்பியோடு நள்ளிரவுக் கொள்ளைக்காரன் ஒருவர் விசில் ஊதி என்னை மறித்து, தான் பிறந்த அன்று சூரியன் பயந்து ஒளிந்தது முதல் தன் பிரதாபங்களை மூச்சு விடாமல் அடுக்கினார். நிறுத்தக் காசு கொடுக்க வேண்டும். ஆன்ட்டி தன் மாலுமிக் குழுவோடு வெள்ளை உடையில், எதிரே வந்தவர்மேலெல்லாம் டால்கம் பவுடர் தூவிக்கொண்டு போனார். அறுபது தாண்டியவர். நள்ளிரவு வரை கால் நிற்கவில்லை.

புதன்

காலை ஏழு மணிக்கு ஆன்ட்டி மாதாகோயிலுக்குத் தயார். விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கித் திரும்பினார். காதுமடலுக்குப் பின்னால் நேற்றைய ஜிகினா மினுங்கியது. துடைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "அது தானாகப் போகும்போது போகட்டும்" என்றுவிட்டு மீன் குழம்பு வைக்கப் போனார். நாற்பது நாள் இறைச்சி இல்லை.

பாதி ஊர் மராக்காஸ் கடற்கரையில் கிடக்கிறது. சுறா மீன் துண்டைப் பொரித்து, பொரித்த ரொட்டிக்குள் வைத்து, பூண்டும் ஷேடோ பெனியும் புளியும் நாமே போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். பண்டிகை நடந்த வாரத்திலேயே சிவராத்திரி போய், தவக்காலம் வந்து, ரமலான் நோன்பும் தொடங்குகிறது. சுறாவைத் தின்றபடி பக்கத்தில் இருந்த குடும்பம் யார் யாருக்கு எந்த நாளில் விருந்து வைக்கலாம் என்று குழம்பிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது நகர மையத்தில், தலையில் துணி கட்டிய நான்கு பெண்கள் நடைபாதையில் நின்று மணி அடித்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்மிக பாப்டிஸ்டுகள், ஆப்பிரிக்க வழிபாடும் கிறிஸ்தவமும் கலந்த சபை. 'கத்துகிறவர்கள்' என்று பெயர் வைத்து, 1917இல் சட்டம் போட்டு இவர்களின் வழிபாட்டையே தடை செய்தது அரசு. மணி அடித்தால்கூடக் குற்றம். 1951இல்தான் நீங்கியது. நீங்கிய மார்ச் 30 இன்று தேசிய விடுமுறை. அந்த மணியைப் பித்தளைப் பாலீஷ் போட்டு வைத்திருந்தார்கள்.

வியாழன்

டாக்ஸி அங்கிளோடு தெற்கே. சான் ஃபெர்னாண்டோ நுழையும்போது காரை ஓரமாக்கி, "இங்கேதான் சுட்டார்கள்" என்றார். 1884 அக்டோபர் 30. முஹர்ரம் பத்தாம் நாள். தாளும் மூங்கிலும் ஜிகினாவும் சேர்த்துக் கட்டிய தாஜியா என்ற கல்லறை மாதிரிகளைச் சுமந்து, தாசா முரசோடு தோட்டத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தார்கள். இங்கே இதற்குப் பெயர் ஹோசே. முஸ்லிம்களின் துக்க நாள்தான். ஆனால் சுமந்தவர்களில் இந்துக்களே அதிகம், கறுப்பினத்தவரும் முரசடித்தார்கள். கேன்பூலேயில் அடிபட்ட அரசு, ஹோசே ஊர்வலம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தது. அவர்கள் நடந்தார்கள். துப்பாக்கி வெடித்தது, பலர் செத்தார்கள். அதே 1884. இன்றும் தலைநகரை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸில் வருடந்தோறும் தாஜியா எடுக்கிறார்கள்.

"எங்கள் தாத்தாவின் அப்பா அதில் இருந்தார் என்பார்கள். இந்துதான். ஏன் போனார் என்றால், அதுதான் எல்லோருக்கும் சேர்ந்து கிடைத்த ஒரே நாள்" என்றார் அங்கிள்.

அங்கிருந்து சிபாரியா. சின்ன ஊர், சின்ன மாதாகோயில். உள்ளே கருத்த முகத்தோடு தெய்வ மேய்ப்பி மாதா. வெனிசுவேலாவிலிருந்து கப்புச்சின் துறவிகள் கொண்டுவந்த சிலை. ஈஸ்டருக்குப் பின் கத்தோலிக்கர் தேர் எடுப்பார்கள். பெரிய வியாழன் இரவும் பெரிய வெள்ளியும் மட்டும் இந்துக்களுடைய நாள். 'சிப்பாரி மாய்' என்று கூப்பிட்டு அரிசி, எண்ணெய், பூ, தங்க நகை காணிக்கை வைப்பார்கள். வெளியே நாவிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகளுக்கு முதல் முடி இறக்க. பாதிரிமார் சிலர் முன்பு இதை நிறுத்தப் பார்த்ததாகவும், கூட்டம் நிற்கவில்லை என்றும், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கிளுக்கும் முதல் முடி இங்கேதான் இறங்கியதாம். காளி கோயில் வாசலில் காரைவிட்டு இறங்காதவர், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாதாவின் பாதத்தைத் தொட்டு வணங்கினார்.

வேளாங்கண்ணியைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் இந்துக்கள் வருவார்கள், மொட்டை போடுவார்கள், புடவை சாத்துவார்கள் என்றேன். நம்பவில்லை. போனில் படம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"பெரிய கோயில்தான். கடற்கரையா?"

"ஆமாம், நடக்கிற தூரம்."

"குளிக்கலாமா?"

"குளிக்கலாம், அங்கிள். அலை கொஞ்சம் ஜாஸ்தி."

"டபுள்ஸ் கிடைக்குமா?"

கிடைக்காது என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெனால் வழியாகத் திரும்பலாம், அங்கே ரோட்டோரத்தில் நல்ல கடை ஒன்று இருக்கிறது என்று வண்டியை எடுத்தார்.